முனைப்பழிந்த அபிப்பிராயம்

ஐந்தாம் நாளும் தேநீரை மறுத்தேன்.
"வெறுந்தேத்தண்ணிதானே மெடம், இதிலயுமா சுயாதீனம்?"
கணக்காளர் சனூஸ் சிரித்தார்.
இதிலும்தான்.
விடுதியில் ஊற்றிவந்த என் பிளாஸ்கில்
என் தேநீர் இருந்தது, ஆறிப்போய்.

கரையோர உரிம ஆணைக்குழு,
உட்துறைமுக வீதி, இரண்டாம் மாடி.
ஆண்டிறுதி ஐந்தொகை
ஒரு சதமும் பிசகாமல் இருபக்கமும் சமன்.
தராசின் இரண்டு தட்டிலும் காற்றை வைத்தாலும்
முள் நடுவில்தான் நிற்கும்.

தண்டப்பண ஏட்டைப் புரட்டினேன்.
பாலையூற்று, அமிர்தநாதர் யூலியஸ்:
படகின் இலக்கம் மங்கியிருந்தமை,
ரூபா இரண்டாயிரத்து ஐந்நூறு.
கிண்ணியா, மீராலெப்பை அலாவுதீன்:
அதே குற்றம், அதே தொகை,
மூன்று தவணையில் கட்ட அனுமதி.
உப்புத் தின்ற எழுத்துக்கு
அவர்கள் கொண்டுவந்து கொடுத்த காசு
பற்றுச்சீட்டோடு, முத்திரையோடு,
வங்கியில் இட்ட திகதியோடு பத்திரமாக இருந்தது.

எரிபொருள் உறுதிச்சீட்டுகள்தான்
பதினொரு மாதத்துக்கு இல்லை.
"மான் திண்டிட்டு மெடம்,"
என்றார் களஞ்சியப் பொறுப்பாளர் குணரெத்தினம்
முகத்தில் ஒரு தசையும் அசையாமல்.
சிரிப்பு வந்தது, அடக்கினேன்.
ஜன்னலுக்குக் கீழே, முச்சக்கரவண்டிகளுக்கு நடுவில்,
புள்ளிமான் ஒன்று உண்மையாகவே
லொத்தர்ச் சீட்டை மென்றுகொண்டு நின்றது.
எழுதினேன்: விளக்கம் பெறப்பட்டது.
சான்று பெறப்படவில்லை.

பிறகு படகுகள்.
சொத்துப் பதிவேட்டில் சுற்றுக்காவல் படகு இரண்டு,
இலக்கம் ஆறு, இலக்கம் ஏழு,
பெறுமானத் தேய்வு போக எழுபத்தொரு இலட்சம்.

காலையில் கொட்பேக் கரையில் ஆறைக் காட்டினார்கள்.
தொட்டேன், படம் எடுத்தேன், சரி போட்டேன்.
அணியத்தின் இடப்பக்கம் உள்ளங்கையளவில் ஓர் ஒட்டு,
யாரோ கடித்துவைத்த பணிஸ் மாதிரி.

சீனக்குடாவுக்குப் போகும் வழியில்
சாரதி விமலசேனவுக்கு ஒரு டயரைக் கழற்ற வேண்டியிருந்தது.
பிறகு இன்னொன்றை.
வீதியோரம் என் சோற்றுப் பார்சலைத் தின்று முடித்தேன்.
நிலத்தால் போனால் சுற்று;
தண்ணீரால் போனால் கிட்டத்தான்.

அங்கே ஏழைக் காட்டினார்கள்.
ஏழிலும் அதே பணிஸ்.

இலக்கத்தில் விரலை வைத்தேன்.
ஏழின் வால் நீலமாய்
என் சுட்டுவிரலோடு வந்தது.

சனூஸ் கடலைப் பார்த்தார்.
மா ஆலைக்கு வந்த கப்பலில் அப்படி என்னதான் இருந்ததோ,
நெடுநேரம் பார்த்தார்.
படகுக்காரப் பையன் துடைக்கத் துணி நீட்டினான், பாவம்,
அவனுடைய சாரத்தின் முழங்காலிலும் அதே நீலம்.
துணியை வாங்கவில்லை.
பணித்தாளின் மூலையில் விரலை அழுத்தி
பக்கத்தில் திகதி, நேரம், இடம் எழுதினேன்.

நகக்கண்ணில் நீலம் போவதற்குள்
கொழும்பில் என் வாக்கியங்களைச் சீவினார்கள்.
"இரண்டாவது படகு இல்லை" என்பது
"பௌதிக இருப்பு உறுதிப்படுத்தப்படவில்லை" என்றானது.
சண்டை பிடித்து ஒரு சொல்லை மீட்டேன்: ஈரம்.
"இலக்கத்தின் வர்ணப்பூச்சு ஈரமாகக் காணப்பட்டது."
அதுமட்டும் நின்றது.

இப்படியான முடிவுக்கு எங்கள் துறையில் பெயர்
முனைப்பழிந்த அபிப்பிராயம்.
இருபது வருடமாக எழுதுகிறேன்,
அன்றுதான் பிரித்துப் பார்த்தேன்.
முனைப்பு, அழிந்த.
யாருடையது?

நாற்பத்தேழாம் பக்கம், மூன்று மொழியிலும்:
மேற்சொன்ன விடயங்கள் தவிர
இக்கூற்றுக்கள் உண்மையானதும் நியாயமானதுமான
தோற்றத்தைத் தருகின்றன.
அந்தத் "தவிர"வுக்குள் ஒரு படகை ஏற்றியிருக்கிறேன்.
யூலியஸ் இதை வாசிக்கப்போவதில்லை.
வாசித்தாலும் அவருடைய இரண்டாயிரத்து ஐந்நூறை
திருப்பிக் கொடுக்க எனக்கு அதிகாரமில்லை.

அடுத்த ஆண்டுத் திட்டத்தில் முதல் வரி:
ஒரே நாளில், ஒரே மணிக்கு,
இரண்டு கரையிலும் ஆள் நிறுத்துக.
இரண்டாவது வரியை மேலதிகாரி வெட்டிவிட்டார்:
சூடு ஆறாத பிளாஸ்க் ஒன்று.